டி ஆன்சாவிலிருந்து இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்: முதலில் காலண்டரைப் பார், தம்பி

வாசகர் கேள்வி: அக்கா, வணக்கம். பத்தாவது வரை கோயம்புத்தூரில் படித்தேன். அப்பாவை அவர் கம்பெனியில் மேனேஜராக இங்கே மாற்றியதால் சன்னிவேல் வந்துவிட்டோம், கிரீன் கார்டும் சீக்கிரமே கிடைத்தது. ஹைஸ்கூலில் முதல் வருஷம் தட்டுத் தடுமாறியதில் மார்க் குறைந்து, ஆசைப்பட்ட யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகம் எதுவும் கிடைக்கவில்லை. 2025 செப்டம்பரில் டி ஆன்சா என்கிற ரெண்டு வருஷக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். இப்போது ஜிபிஏ (மார்க் சராசரி) நாலுக்கு 3.9. கம்பெனிகளுக்கு முதலீடு திரட்டவும் கம்பெனிகளை வாங்கி விற்கவும் உதவும் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் துறைக்குப் போகவேண்டும் என்று ஆசை. 2027-இல் நான்காண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு, மூன்றாம் ஆண்டில் சேரும்படி, டிரான்ஸ்ஃபர் ஆகவேண்டும். பெர்க்லியின் பிசினஸ் ஸ்கூலான ஹாஸ், யூசிஎல்ஏ, யூஎஸ்சி, கார்னெல், இவற்றில் எதைக் குறிவைப்பது? கம்யூனிட்டி காலேஜ் பெயர் ரெஸ்யூமேயில் இருந்தால் பேங்குகள் ஒதுக்கிவிடுமா? சொந்தக்காரர்கள் "ரெண்டு வருஷம் வேஸ்ட்" என்கிறார்கள். இப்போதைக்கு மார்க்கில் மட்டும் கவனம் வைத்துவிட்டு, டிரான்ஸ்ஃபர் ஆன பிறகு வேலை விஷயத்தைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

பதில்:

தம்பி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சரியில்லை. உன் கடிதத்தில் மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, 3.9 வைத்திருக்கிறாய், காலேஜ் பெயர்களைத் தேடிப் படித்திருக்கிறாய், ஆனால் "டிரான்ஸ்ஃபர் ஆன பிறகு பார்க்கலாம்" என்ற அந்த ஒரு வரிதான் உன்னைப் போன்ற கெட்டிக்காரப் பிள்ளைகளை வருஷா வருஷம் கவிழ்க்கிறது. எங்கள் பேங்க் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் ரெஸ்யூமேக்களைப் படிப்பவர்களில் நானும் ஒருத்தி. அக்டோபர் மாதம் வந்தால் போதும், புதிதாக டிரான்ஸ்ஃபர் ஆகி வந்த பையனோ பெண்ணோ ரொம்ப மரியாதையாக எழுதுவார்கள், அடுத்த கோடைக்கு இடம் இருக்கிறதா என்று. பெரும்பாலும் இருக்காது. அது மார்க் குறைவால் அல்ல, அவர்கள் வருவதற்குள் ஆள் எடுத்து முடித்திருப்போம்.

எப்படி என்று சொல்கிறேன். இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் நுழைய பெரிய வாசல் ஒன்றுதான்: மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் சுமார் பத்து வாரம் இன்டர்ன்ஷிப், அதை ஒழுங்காகச் செய்தால் கடைசி வாரத்திலோ அதற்கடுத்தோ முழுநேர வேலைக்கான ஆஃபர். நான்காம் ஆண்டில் புதிதாக எடுப்பது மிகக் குறைவு. அந்தக் கோடைக்கு ஆள் எடுப்பது ஒரு காலத்தில் அதே மூன்றாம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரியில் நடந்தது. அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் முந்தப் போய் பேங்குகள் தேதியை முன்னால் இழுத்துக்கொண்டே வந்து, இப்போது இரண்டாம் ஆண்டின் பாதியிலேயே விண்ணப்பம் திறக்கிறார்கள், அதாவது இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் முன்னதாக.

இப்போது உன் கணக்கைப் போடு. 2027 இலையுதிர் காலத்தில் டிரான்ஸ்ஃபர், 2029 ஜூனில் பட்டம். அப்படியானால் உன் இன்டர்ன்ஷிப் 2028 கோடை. அதற்கான விண்ணப்பங்கள், இப்போதுள்ள பழக்கம் மாறாத வரை, 2027 ஆரம்பத்திலேயே திறந்துவிடும். அந்த நேரம் நீ எங்கே இருப்பாய்? டி ஆன்சாவில், குளிர்கால காலாண்டில். யூசிஎல்ஏ, பெர்க்லி முடிவுகள் ஏப்ரல் கடைசி வாக்கில்தான் வரும். யூசிஎல்ஏவில் வகுப்பு தொடங்குவது செப்டம்பர் கடைசியில். நீ ஹாஸ்டலில் பெட்டியைப் பிரித்துக் கட்டிலுக்கு விரிப்புப் போடும்போது, அங்கே முதல் ஆண்டிலேயே சேர்ந்த பையன் ஆஃபரில் கையெழுத்துப் போட்டு ரெண்டு மூணு மாசம் ஆகியிருக்கும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. டிரான்ஸ்ஃபர் ஆகிப் பேங்கிங் போனவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரிடமும் பொதுவாக நான் பார்த்தது ஒன்று: கம்யூனிட்டி காலேஜில் இருக்கும்போதே பேங்கிங் மாணவனைப் போல நடந்துகொண்டார்கள். அனுமதிக் கடிதம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதைக் கவனி. பேங்குகள் வடிகட்டுவது நீ இப்போது எந்த ஆண்டு படிக்கிறாய் என்பதை வைத்து அல்ல, எப்போது பட்டம் வாங்குவாய் என்பதை வைத்து. "2028 டிசம்பர் முதல் 2029 ஜூன் வரை பட்டம் பெறுவோர்" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். ஆகவே ரெஸ்யூமேயில் கல்வி என்ற பகுதியில் "டி ஆன்சா காலேஜ், 2025–2027, ஜிபிஏ 3.9" என்று போட்டுவிட்டு விடாதே. அப்படிப் போட்டால் படிப்பவர் கண்ணுக்கு நீ 2027-இல் ரெண்டு வருஷப் படிப்பை முடித்துவிட்டுப் போகிறவன். அதன் கீழேயே "2027 இலையுதிர் காலத்தில் நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர், இளநிலைப் பட்டம் 2029 ஜூனில் எதிர்பார்க்கப்படுகிறது" என்று ஒரு வரி சேர். உண்மையும் அதுதான். அனுமதி கையில் வந்த அன்றைக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரை மேலே ஏற்று. வருவதற்கு முன்னால் ஏற்றாதே, பின்னணிச் சரிபார்ப்பில் அது நிற்காது. சில படிவங்கள் நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் ஏற்கனவே இருப்பவர்களுக்கு மட்டும் என்றிருக்கும். அங்கே தலையை முட்டிக்கொள்ளாமல் ரெக்ரூட்டருக்கு நான்கு வரியில் ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போ.

சரி, எந்தக் காலேஜ். நீ எழுதிய நான்கும் நான்கு வேறு கதைகள்.

பெர்க்லி ஹாஸ் பெயரில் குறையே இல்லை. சான் பிரான்சிஸ்கோ, மென்லோ பார்க் பக்கமிருக்கும் டெக் பேங்கிங் குழுக்களுக்கு அங்கிருந்து போகிறவர்கள் ஏராளம். ஆனால் 2024-இலிருந்து ஹாஸ் நான்காண்டுப் படிப்பாக மாறிவிட்டது, முதலாண்டிலேயே நேரடியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து டிரான்ஸ்ஃபரில் வருபவர்களுக்கு வழி இருக்கிறது, ஆனால் மிகக் குறுகிய வழி. இன்னொன்று, பெர்க்லியில் எகனாமிக்ஸுக்கு ஜூனியராக, அதாவது மூன்றாம் ஆண்டில், நுழைந்துவிட்டு உள்ளே போய் ஹாஸுக்கு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே, ஜூனியர் டிரான்ஸ்ஃபராக வருபவர்களுக்கு அந்தக் கதவு கிடையாது. விண்ணப்பத்தில் பெர்க்லிக்கு எந்த மேஜரை (முதன்மைப் பாடத்தை) எழுதுகிறாயோ அதோடுதான் உன் தலையெழுத்து என்று வைத்துக்கொண்டு முடிவெடு. என்னைக் கேட்டால், பெர்க்லி எகனாமிக்ஸ் கிடைத்தால் அதை இரண்டாம் தரமாக நினைக்காதே. பேங்கில் இன்டர்வியூ எடுப்பவருக்கு ஹாஸா எகனாமிக்ஸா என்பது அஞ்சு நிமிஷ விஷயம்.

யூசிஎல்ஏவில் இளநிலை அளவில் பிசினஸ் மேஜரே கிடையாது என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. ஆண்டர்சன் முதுநிலைப் படிப்புக்கானது. நீ பார்க்கவேண்டியது எகனாமிக்ஸ் துறையின் கீழ் வரும் பிசினஸ் எகனாமிக்ஸ். யூசிஎல்ஏ எடுக்கும் டிரான்ஸ்ஃபர் மாணவர்களில் பெரும்பான்மை கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருபவர்கள்தான், அந்த வகையில் அது உன்னைப் போன்றவர்களுக்குப் பழகிய இடம். ஆனால் இந்த மேஜருக்குக் கூட்டம் அதிகம், மொத்த சேர்க்கை விகிதத்தைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொள்ளாதே, மேஜர் வாரியான விகிதத்தைப் பார், யூசி தளத்திலேயே காலேஜ் வாரியாகவும் மேஜர் வாரியாகவும் போட்டிருக்கிறார்கள். டி ஆன்சாவின் ஹானர்ஸ் திட்டத்தைப் பற்றிக் கவுன்சிலரிடம் கேள். யூசிஎல்ஏவின் டிரான்ஸ்ஃபர் அலையன்ஸ் புரோகிராம் வழியாகப் போனால் விண்ணப்பத்துக்குக் கூடுதல் கவனம் கிடைக்கும்.

யூஎஸ்சி மார்ஷல் தாராளமாக டிரான்ஸ்ஃபர் எடுக்கும் இடம், லாஸ் ஏஞ்சலிஸ் பேங்குகளில் அவர்களின் பழைய மாணவர்கள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அது உண்மையிலேயே ஒரு பலம். ஆனால் டியூஷன் மட்டும் வருஷத்துக்கு எழுபதாயிரம் டாலருக்கு மேல். யூசியில் கலிஃபோர்னியாவாசிக்கு அது ஏறக்குறைய பதினைந்தாயிரத்தை ஒட்டி. அப்பாவின் சம்பளம் மேனேஜர் சம்பளம் என்றால் தேவை அடிப்படையிலான உதவி பெரிதாகக் கிடைக்காது. ரெண்டு வருஷத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் வித்தியாசம், அதைக் கடனாக வாங்கும் நிலைமை என்றால் யூசிஎல்ஏ கிடைத்த பிறகு யூஎஸ்சிக்குப் போகாதே. வீட்டில் பணம் இருக்கிறது, அப்பா மனதாரச் சொல்கிறார் என்றால் அது வேறு பேச்சு.

கார்னெல் வருஷா வருஷம் நூற்றுக்கணக்கில் டிரான்ஸ்ஃபர் எடுக்கிறது, ஐவி லீக்கில் இது அபூர்வம். பிரின்ஸ்டன் டிரான்ஸ்ஃபரையே நிறுத்தி வைத்திருந்து 2018-இல்தான் மறுபடி தொடங்கியது, அதுவும் ஒரு கைப்பிடி. நியூயார்க்கில் வேலை வேண்டும் என்றால் கார்னெலும், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் (என்ஒய்யூ) பிசினஸ் ஸ்கூலான ஸ்டெர்னும் பார்க்கலாம். தனியார் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போடும்போது ஹைஸ்கூல் மார்க் பட்டியலையும் கேட்பார்கள், பேராசிரியர்களிடமிருந்து சிபாரிசுக் கடிதமும் கேட்பார்கள். யூசி இந்த இரண்டையும் பெரிதாகச் சட்டை செய்யாது, எஸ்ஏடியும் பார்ப்பதில்லை. உனக்கு ஹைஸ்கூல் மார்க் தழும்பு இருப்பதால் இது முக்கியம். இப்போதே டி ஆன்சாவில் ரெண்டு பேராசிரியர்களின் ஆஃபீஸ் நேரத்தில் போய் உட்காரப் பழகு. ஜனவரியில் போய் "என் பேர் ஞாபகம் இருக்கா சார்" என்று கேட்டு வாங்கும் கடிதம் ஒன்றுக்கும் உதவாது.

தனியார் இடங்களில் ஒரு வேடிக்கை உண்டு. உன் டி ஆன்சா பாடங்களில் பலவற்றை ஏற்க மறுத்து, மூன்று வருஷம் படிக்கச் சொல்லக்கூடும். பெற்றோருக்கு வயிறு எரியும், ஒரு வருஷக் கட்டணம் கூடுகிறதே என்று. ஆனால் பேங்கிங் பார்வையில் அது உனக்கு ஒரு கோடையைத் திருப்பிக் கொடுக்கிறது: பட்டம் 2030 ஆகிவிட்டால், இன்டர்ன்ஷிப் விண்ணப்பம் திறக்கும்போது நீ ஏற்கனவே அந்த வளாகத்துக்குள் இருப்பாய். இதே காரணத்துக்காகத்தான், டி ஆன்சாவில் இப்போதுதான் முதல் காலாண்டில் இருக்கும் வாசகர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்கிறேன், ஒரே வருஷத்தில் சோஃபமோராக, அதாவது இரண்டாம் ஆண்டிலேயே, டிரான்ஸ்ஃபர் எடுக்கும் தனியார் இடங்களையும் பாருங்கள். யூசி ஜூனியராகத்தான் எடுக்கும், 90 காலாண்டு யூனிட் முடித்திருக்கவேண்டும்.

பாடங்களைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் 3.9 வைத்துக்கொண்டு இங்கே கோட்டை விட்டவர்கள் உண்டு. எந்தக் காலேஜ் பாடம் எங்கே ஏற்கப்படும் என்று காட்டும் அசிஸ்ட் தளத்தில் டி ஆன்சா என்று ஒரு பக்கமும் நீ போக நினைக்கும் வளாகத்தை மறு பக்கமும் வைத்து மேஜர் ஒப்பந்தத்தை எடு. அதில் வரும் கால்குலஸ், மைக்ரோ, மேக்ரோ, அக்கவுன்டிங், ஆங்கிலம் எல்லாவற்றையும் சேர்வதற்கு முந்தைய வசந்த காலாண்டுக்குள் முடிக்கவேண்டும். டி ஆன்சா காலாண்டு முறை, பெர்க்லி செமஸ்டர் முறை. அதனால் அக்கவுன்டிங் 1ஏ, 1பி, 1சி மாதிரித் தொடர்களைத் தொடராகவே முடி. 1ஏயை டி ஆன்சாவில் எடுத்துவிட்டு, நேரம் சரிவரவில்லை என்று மீதியை செமஸ்டர் முறையில் நடக்கும் வேறு காலேஜில் எடுத்தால், ஒன்றுக்கும் பொருந்தாமல் அந்தரத்தில் நிற்கும். பொதுப் பாடங்களுக்கு முன்பு ஐஜெட்சி என்ற பட்டியல் இருந்தது, 2025 இலையுதிரிலிருந்து சேர்ந்தவர்களுக்கு கால்-ஜெட்சி. நீ புதிய கூட்டம், பழைய சீனியர் கொடுத்த பட்டியலை வைத்துப் பாடம் எடுக்காதே.

இனி, கம்யூனிட்டி காலேஜ் பெயர் கறையா என்ற கேள்வி. பட்டச் சான்றிதழில் எந்த இடத்தில் முடித்தாயோ அந்த இடத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். ரெஸ்யூமேயில் டி ஆன்சா இருக்கும், இருக்கட்டும், மறைக்க முயலாதே. ஊர்ச் சொந்தக்காரர்களுக்கு விளக்கவேண்டுமானால், பாலிடெக்னிக் முடித்துவிட்டு லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு சேர்வதில்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி என்று சொல். அவர்களுக்குப் புரியும். வேஸ்ட் என்கிறவர்களிடம் ஃபீஸைச் சொல், டி ஆன்சாவில் ஒரு காலாண்டு யூனிட் 31 டாலர். பேங்க் பக்கத்தில் நான் பார்த்த வரைக்கும், இரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வகுப்புக்குப் போய் 3.9 எடுத்தவனைப் பற்றி யாரும் முகம் சுளித்ததில்லை. முகம் சுளிப்பது வேறு ஒன்றுக்கு. யூசிக்குப் போனதும் ஜிபிஏ பூஜ்யத்திலிருந்து தொடங்கும், டி ஆன்சாவின் 3.9 அங்கே எண்ணிக்கையில் வராது. யூசிஎல்ஏ மாதிரி இடத்தில் முதல் காலாண்டு பத்து வாரம், நான்காவது வாரமே மிட்டெர்ம், பழக்கமில்லாத வளாகம், 2.9 வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பேங்குகளில் 3.5-க்குக் கீழே போனாலே பலர் படிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஆகவே முதல் காலாண்டில் வீரம் காட்டாதே, ஒரு கடினப் பாடம், மற்றவை உன்னால் ஏ எடுக்க முடிந்தவை. ரெஸ்யூமேயில் இரண்டு ஜிபிஏவையும் தனித்தனியாகப் போடு.

அப்புறம் அந்த டிரான்ஸ்ஃபர் கட்டுரை. யூசியில் ஒவ்வொன்றும் 350 வார்த்தைக்குள் நான்கு பதில்கள், அதில் ஒன்று உன் மேஜருக்கு எப்படித் தயாரானாய் என்பது, அது டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் எல்லோரும் எழுதியே தீரவேண்டியது. "சிறு வயதிலிருந்தே பணத்தின் மீது ஆர்வம்" என்று ஆரம்பிக்காதே, தயவுசெய்து.

எதை எழுதுவது? அதற்குத்தான் இப்போதிலிருந்து ஏதாவது செய்யவேண்டும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் வீட்டா திட்டத்தில் தன்னார்வலர்கள் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இலவசமாக வரி படிவம் நிரப்பிக் கொடுப்பார்கள், பயிற்சியும் சான்றும் அவர்களே கொடுப்பார்கள். டாக்ஸிக்குப் பதில் ஊபர் ஓட்டும் ஒருவரின் 1099 என்ற வருமானப் படிவத்தை நீ உட்கார்ந்து பிரித்துப் படித்து, அவர் வண்டி ஓட்டிய மைல் கணக்கை எங்கே கழிப்பது என்று கண்டுபிடித்தால், அது கட்டுரையிலும் நிற்கும், இன்டர்வியூவிலும் நிற்கும். எஸ்ஐஇ என்று, பங்குத் தரகு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா நடத்தும் ஒரு தேர்வு இருக்கிறது, 18 வயது ஆனால் போதும், கம்பெனி சிபாரிசு வேண்டியதில்லை, 75 கேள்வி, ஒன்றே முக்கால் மணி நேரம், தேறினால் நான்கு வருஷம் செல்லும். பேங்கிங் வேலைக்கு இது கட்டாயமில்லை, ஆனால் கம்யூனிட்டி காலேஜ் ரெஸ்யூமேயில் அது இருந்தால் இந்தப் பையன் சும்மா வாயால் சொல்லவில்லை என்று தெரியும். 2027 கோடையில், அதாவது டிரான்ஸ்ஃபருக்கு முந்தைய கோடையில், எங்காவது ஒரு நிதி சம்பந்தப்பட்ட வேலை கட்டாயம் இருக்கவேண்டும். பெரிய பெயர் வேண்டாம். சான் ஹோசேயில் நான்கு பேர் நடத்தும் வெல்த் மேனேஜ்மென்ட் ஆபீஸ், ஒரு கிரெடிட் யூனியன், சின்ன கம்பெனிகளை வாங்க ஆள் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தனி முதலீட்டாளர், ஏதாவது ஒன்று. கோயில் கமிட்டியிலும் தமிழ்ச் சங்கத்திலும் இருக்கும் மாமாக்களில் பாதிப் பேர் எஞ்சினியர்கள் என்றாலும், வரிக் கணக்குப் பார்க்கும் ஒருவராவது இருப்பார். கூச்சப்படாமல் கேள்.

இன்டர்வியூவைப் பற்றிக் கொஞ்சம். பேங்கிங் இன்டர்வியூவில் கேட்கும் ஒரு பழைய கேள்வி இது: தேய்மானம் 10 டாலர் கூடினால் மூன்று நிதி அறிக்கைகளும் எப்படி மாறும்? வரி 25 சதவீதம் என்று வைத்துக்கொள். வருமான அறிக்கையில் வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும், வரி 2.50 மிச்சமாகும், நிகர லாபம் 7.50 குறையும். பணப்புழக்க அறிக்கையில் அந்த 7.50 குறைவிலிருந்து தொடங்கி, தேய்மானம் கையை விட்டுப் போன பணம் இல்லை என்பதால் 10-ஐத் திரும்பக் கூட்டு, ஆக ரொக்கம் 2.50 கூடுகிறது. இருப்புநிலைக் குறிப்பில் ரொக்கம் 2.50 மேலே, நிலைச் சொத்து 10 கீழே, மொத்தச் சொத்து 7.50 கீழே, அந்தப் பக்கம் தக்கவைத்த லாபம் 7.50 கீழே. இரண்டு பக்கமும் சமம். பதிலை மனப்பாடம் செய்தவன் "இப்போ தேய்மானத்துக்குப் பதில் சரக்கிருப்பை 10 எழுதித் தள்ளினால்?" என்று கேட்டவுடன் முழிப்பான். அக்கவுன்டிங் 1ஏ, 1பியை டிரான்ஸ்ஃபருக்காக மட்டும் படிக்காமல் இதற்காகவும் படித்தவன் முழிக்க மாட்டான். டி ஆன்சா வகுப்பில் சொல்லிக்கொடுப்பதே போதும், ஆயிரம் டாலர் கோர்ஸ் எதுவும் வாங்காதே.

ஆட்களைப் பழகிக்கொள்வது. நீ கேள்விப்பட்டிருப்பாய், லிங்க்ட்இன்னில் மெசேஜ் போட்டு இருபது நிமிஷம் பேசுவது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது வராது, "தெரியாதவங்ககிட்ட போய் எப்படி கேக்கறது" என்று. எனக்கு வரும் மெசேஜ்களில் பாதி மூன்று பத்தி சுயசரிதை, கடைசியில் வேலை கிடைக்குமா என்று. நான் பதில் போடுவது எதற்கு என்றால், "நான் டி ஆன்சாவில் படிக்கிறேன், 2027-இல் டிரான்ஸ்ஃபர் ஆகிறேன், நீங்களும் கம்யூனிட்டி காலேஜிலிருந்து வந்திருப்பதாகப் பார்த்தேன், முதல் இன்டர்ன்ஷிப் எப்படிக் கிடைத்தது என்று பதினைந்து நிமிஷம் பேசமுடியுமா, செவ்வாய், வியாழன் மாலை எனக்கு வசதி" என்கிற மாதிரி. அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபர் ஆகி வந்தவர்களையே முதலில் தேடு, அவர்களுக்கு உன் நிலைமையை விளக்கவே வேண்டாம், முக்கால்வாசிப் பேர் பதில் போடுவார்கள். பேசி முடித்த மறுநாள் நன்றி சொல், மூன்று மாதம் கழித்து என்ன நடந்தது என்று ஒரு வரி எழுது. விண்ணப்பம் திறக்கும் சமயத்தில் உன் பெயர் அவர்களுக்குப் பழகியிருக்கும்.

இங்கே ஒரு நிமிஷம் மற்ற வாசகர்களுக்கு. உனக்குக் கிரீன் கார்டு இருக்கிறது, நீ தப்பித்தாய். இதே ஊரில், ஹெச்-1பி வேலை விசாக்காரர்களின் குடும்பத்துக்குக் கொடுக்கும் ஹெச்-4 விசாவில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். அவர்களால் சம்பளத்துக்கு இன்டர்ன்ஷிப் செய்ய முடியாது, 21 வயது ஆனதும் அந்த விசாவும் போய்விடும், மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறவேண்டும். பேங்குகளில் பல, விண்ணப்பத்திலேயே எதிர்காலத்தில் விசா ஸ்பான்சர் தேவைப்படுமா என்று கேட்டு அங்கேயே நிறுத்திவிடும். அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும் காலேஜ் பெயரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் குடிவரவு வக்கீலிடமும், போக நினைக்கும் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திலும் பேசவேண்டும். அந்த மேஜர் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கிறதா என்று கேட்கவேண்டும், அதைப் பொறுத்துப் படித்து முடித்த பிறகு வேலை பார்க்கும் காலமே ஒரு வருஷமா மூன்று வருஷமா என்று மாறும்.

சரி, தம்பி, எல்லாம் செய்தும் 2027 வசந்தத்தில் ஒன்றும் மாட்டவில்லை என்றால்? அது நடக்கக்கூடியதுதான். பெரிய பேங்குகள் முடித்த பிறகும் நடுத்தர பேங்குகளும் சிறிய ஆலோசனை நிறுவனங்களும் இலையுதிர் காலம் வரை எடுத்துக்கொண்டிருப்பார்கள். வளாகத்துக்குப் போன முதல் ரெண்டு வாரத்தில் ஃபைனான்ஸ் கிளப்புகளுக்கு ஆள் எடுப்பார்கள், அதற்கே இன்டர்வியூ, கேஸ் எல்லாம் வைப்பார்கள், பெர்க்லியில் இது காலேஜ் அட்மிஷனைவிட மோசம் என்று பிள்ளைகள் புலம்புவார்கள். அதில் ஒன்றில் நுழைந்துவிட்டால் சீனியர்கள் கையைப் பிடித்து இழுத்துப் போவார்கள். பிக் ஃபோர் கணக்கு நிறுவனங்களின் வேல்யுவேஷன், டீல் ஆலோசனைப் பிரிவுகள் இருக்கின்றன, அங்கே ரெண்டு வருஷம் இருந்துவிட்டு பேங்குக்குத் தாவுவது வழக்கமான பாதை. டெக் கம்பெனிகளின் நிதித் திட்டமிடல் குழுக்கள் வேலைக்கு எடுப்பது பெரும்பாலும் மூன்றாம் ஆண்டு இலையுதிரிலும் குளிர்காலத்திலும், அந்தக் காலண்டர் டிரான்ஸ்ஃபர் மாணவனுக்கு அப்படியே பொருந்தும், இரவு ரெண்டு மணிக்குப் பிரசன்டேஷன் திருத்தவேண்டியதும் இல்லை. அந்த வேலைக்குச் சான் ஹோசே ஸ்டேட்டும் சான்டா கிளாராவும்கூட நல்ல ஊற்றுகள், வீட்டிலிருந்தே போய் வரலாம். உனக்குப் பேங்கிங் எதற்கு என்று கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை, கவனித்தேன். சம்பளமா, வேலையா, பெயரா? பேங்கில் இருக்கும் ரெண்டு பேரிடம் அவர்களுடைய ஒரு வாரம் எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டு நீயே யோசித்துக்கொள்.

கடைசியாகத் தேதிகள், உன் காலண்டரில் இன்றைக்கே போட்டுவிடு. யூசியின் டிரான்ஸ்ஃபர் உத்தரவாதத் திட்டம், அதாவது டேக், 2026 செப்டம்பர் முழுக்கத் திறந்திருக்கும். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ அதில் இல்லை, மற்ற ஆறு வளாகங்களில் ஒன்றுக்கு மட்டும் போடலாம். சான்டா பார்பராவைப் பார், அங்கே எகனாமிக்ஸ் அண்ட் அக்கவுன்டிங் படித்தவர்களை பிக் ஃபோர் நிறுவனங்கள் விரும்பி எடுக்கின்றன. உன் மேஜர் டேக்கில் உண்டா, என்ன ஜிபிஏ என்று அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள். யூசி விண்ணப்பத்தை அக்டோபரில் சமர்ப்பிக்கத் தொடங்கலாம், நவம்பர் கடைசி வரை இழுக்காதே, அந்த வாரம் தளம் திணறும். ஜனவரியில் மார்க் புதுப்பிப்புப் படிவம் ஒன்று வரும், அதை மறந்தவர்களின் விண்ணப்பம் அப்படியே தூங்கும். ஜாக் கென்ட் குக் அறக்கட்டளையின் டிரான்ஸ்ஃபர் ஸ்காலர்ஷிப் வருஷத்துக்கு 55,000 டாலர் வரை, ஆனால் பணத்தேவை இருப்பவர்களுக்கு, உங்கள் வீட்டு வருமானம் பார்த்து முடிவெடுங்கள். யூஎஸ்சி பிப்ரவரி, கார்னெல் மார்ச் நடுவில். பேங்க் விண்ணப்பங்கள் இவை எல்லாவற்றுக்கும் நடுவில், உன் குளிர்கால காலாண்டுப் பரீட்சையோடு சேர்ந்தே வரும், அதனால் அந்தக் காலாண்டுக்கு லேசான பாடங்களாகப் பார்த்து இந்தக் கோடையிலேயே கவுன்சிலரோடு உட்கார்ந்து திட்டம் போட்டுக்கொள். ரெஸ்யூமே ஒரு பக்கத்தில் தயாரானதும் அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.